பகைவன் எழுப்பிய கரைச்சுவர்

ஓதம் வடிந்து, சேறு வெளிப்பட்டு, மீன்குடலின் நாற்றம் மூக்கைத் துளைக்கும் காலைப்பொழுதில், இலண்டன் மாநகரின் தேம்சு ஆற்றங்கரையில் ஊரே திரண்டு நின்றது. நயமறிந்தோரே, அன்பைக் காண வந்த கூட்டமன்று அது. படகோட்டி வைமண்டும் அண்டைவீட்டு மீன்வணிகன் தர்சுதனும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதைக் காண வந்த கூட்டம்.

பனிக்காலத்தில் வைமண்டின் படகு களவுபோயிற்று. பனி நீங்கியதும் தர்சுதன் ஆற்றை நெருக்கிப் புதிய கரைச்சுவர் எழுப்பி, தன் மண் சரியாதிருக்க வைமண்டின் மனைக்கு முன்னும் அதை நீட்டினான். அச்சுவரின் பலகைகளைக் கண்டதும், அவை தன் படகைப் பிளந்தெடுத்தவை என்று வைமண்டு கண்டுகொண்டான். பெற்ற பிள்ளையை அறியத் தாய்க்குச் சான்று வேண்டுமோ? நடுவருக்கு வேண்டியிருந்தது. படகின் ஓட்டையை அடைக்க வைமண்டு போட்ட ஒட்டுப்பலகை ஒன்றே சான்று; அதுவோ மண்ணை ஒட்டிய உட்புறத்தில் மறைந்து கிடந்தது.

"குத்தம் சொன்னவன் நீ. பேத்து அந்த ஒட்டைக் காட்டு," என்றார் நடுவர். "காட்டினா படகுக்குப் படகு உனக்கு. இல்லன்னா வாயை மூடிக்கிட்டுப் போ."

வைமண்டு கடப்பாரையை ஓங்கினான். தர்சுதன் சிரித்தான்.

"பிடுங்குடா, பிடுங்கு! ஒண்ணை உருவினா மொத்தமும் சரியும். நாளைக்குப் பவுர்ணமி, தண்ணி ஏறும். என் வீடு மேட்டுல இருக்கு. உன் அடுப்புக்குள்ளதான் மீன் முட்டையிடும்!"

"திருட்டு நாயே, இது எங்கப்பன் செஞ்ச படகுடா!"

"விட்டுத் தொலைய்யா," என்று வைமண்டின் மனைவி, கோடித்து என்பவள், அவன் கையைப் பற்றினாள். "உள்ள பச்சப்புள்ள தூங்குது. படகு போச்சு, வீடும் போகணுமா?"

வைமண்டின் பழைய மண்கரையோ பனி உருகிய வெள்ளத்தில் கரைந்துபோயிருந்தது. களவுபோன படகே இன்று அவன் குழந்தையைக் காத்து நின்றது. கடப்பாரை சேற்றில் விழுந்தது. வழக்குத் தோற்றது.

அதன்பின் இருபது ஆண்டுகள், சுவர் நெகிழும்போதெல்லாம், தர்சுதன் ஒருபுறம் முட்டுக்கொடுக்க, வைமண்டு மறுபுறம் காறித் துப்பியபடியே ஆணியறைந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே இருவரும் மாண்டனர்.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே கரையைத் தோண்டிய தொல்லியலார், பழம்படகின் பலகைகளில் இருவர் கைவேலையைக் கண்டு வியந்து, "அண்டைவீட்டார் இருவர் நட்புடன் கூடிப் பேணிய சுவர்" என்று எழுதிவைத்தனர். ஆயிரம் ஆணிகளை அப்படியே வைத்திருந்த சேறு, அவற்றை அறைந்தவனின் வசவுகளுள் ஒன்றையேனும் வைத்திருக்கவில்லை.