நாற்பத்தொரு வரிசை

அக்காவுக்கு நூல் பிடித்திருக்கிறதா என்று அவள் கழுத்துதான் சொல்லும். கடையில் எந்த உருண்டையை எடுத்தாலும் காதுக்குக் கீழே வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். அன்றைக்கு ஏழு உருண்டைகளைத் தேய்த்துவிட்டாள். கழுத்து சிவந்துபோயிருந்தது. கடைக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாத வயிறு துருத்திக்கொண்டு நிற்கும்போது யார் என்ன சொல்ல முடியும்?

"இது என்னடா, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்கு?"

"அது பருத்தி. பை பின்றதுக்கு எடுக்கிறது. உல்லன்ல பை பின்னினா ரெண்டு கிலோ தக்காளி போட்டதும் முழங்கால் வரைக்கும் தொங்கும்."

"என் புள்ளைய தக்காளிகூட ஏன்டா சேக்கற?"

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. குளிர்பதனக் கிடங்கில் நான்கு வருடம் இரவு வேலை. மீட்டர் முள் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. தூக்கம் வராமலிருக்கக் கையில் குரோஷா பின்னும் கொக்கி ஊசியை எடுத்தேன். வேலையை விட்ட பிறகும் ஊசியை விடவில்லை. சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்குப் பருத்தி. அக்ரிலிக் செயற்கை நூல், அதில் போட்டால் உருகிக் கையில் ஒட்டும். தொப்பிக்கு உல்லன் கலந்தது. சால்வைக்கு மெல்லிசாக, கனமில்லாமல். அத்தான் லிப்ட் மெக்கானிக். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மச்சான், எங்க கம்பெனில கயிறு பத்தலையாம், பின்னித் தர்றியா?" என்பார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கும் ஆள்.

குழந்தைப் போர்வைக்கு என் தேர்வு நல்ல ஆட்டு உல்லன். வீட்டில் இரண்டு உருண்டை வைத்திருந்தேன். வெள்ளை. எதற்கும் தொடாமல் வைத்திருந்தது. அதே ரகம் அந்தக் கடையிலும் இருந்தது. அக்கா தேய்த்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"மெஷின்ல போடலாமா?"

"கூடாது. கையால அலசணும். இல்லன்னா சுருங்கிடும்."

"யாரு அலசுவா? உங்க அத்தான் இதுவரைக்கும் ஒரு கர்ச்சீப் அலசினதில்ல. ஒரு நாளைக்கு நாலு தடவ மூத்திரம் போகும், ரெண்டு தடவ கக்கும். இத வாங்கிட்டுப் போய் நான் கண்ணாடிப் பெட்டில வச்சுக் கும்பிடவா?"

கடைசியில் அக்ரிலிக்தான். நூறு தடவை மெஷினில் போட்டாலும் அப்படியே இருக்கும். மஞ்சள். எந்த மஞ்சள் என்பதற்கு இன்னும் அரை மணி நேரம். வேகவைத்த முட்டைக்குள் இருக்குமே, அந்த மஞ்சள்தான் வேண்டுமாம். எட்டு உருண்டை வாங்கினோம்.

ஒரு வரிசைக்குத் தொண்ணூறு கண்ணி. இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு வரிசை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வந்து வயிற்றின் மேல் விரித்துப் பார்த்துவிட்டுப் போவாள். "உள்ள இருந்து உதைக்குது. பிடிச்சிருக்கு போல," என்றாள் ஒருமுறை.

ஏழாவது மாதம் முடியும்போது ஒரு காலையில் அத்தான் போன் செய்தார்.

"துடிப்பு இல்லங்கறாங்க மச்சான்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. அவரே மறுபடி சொன்னார்.

"புள்ளைக்கு. நேத்தே அசைவு இல்லன்னு சொன்னா, நான்தான் தூங்குதுடின்னேன். வலி வர வச்சு எடுக்கணுமாம். நீ இப்ப வராத. நான் கூப்பிடறேன்."

போனை வைத்தபோது போர்வை மடியில் இருந்தது. ஊசி கண்ணியில் மாட்டியபடி இருந்தது.

பின்னுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை இனி ஆகாது என்று தெரிந்தால் அன்றைக்கே பிரித்து நூலைச் சுற்றி வைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் அலமாரியில் கிடந்து பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். குரோஷாவில் பிரிப்பது மிகச் சுலபம். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும், கடைசிக் கண்ணியிலிருந்து முதல் கண்ணி வரை தானாக அவிழ்ந்துகொண்டே வரும். நான் இழுத்தேன். அக்கா வீட்டுக்கு வந்து இதைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாத வேலை பிரிந்து முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மீண்டும் போன்.

"பொறந்துருச்சு. பொண்ணு." அத்தான் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாலு மணி வரைக்கும் கூட வச்சுக்கலாமாம். அப்புறம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. அக்கா அந்த மஞ்சப் போர்வையக் கேக்கறா. பாதிதான் இருக்குன்னேன். பாதி போதுங்கறா."

நான் சரி என்றேன். பையை எடுத்தேன்.

பேருந்தில் போகும்போது பொய்களை யோசித்தேன். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். துவைக்கப் போட்டேன், ஈரமாக இருக்கிறது என்று சொல்லலாம். பையில் மஞ்சள் உருண்டைகளும் அந்த இரண்டு வெள்ளை உருண்டைகளும் இருந்தன. வெள்ளைதான் சரி என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இனி யாரும் துவைக்கப்போவதில்லை. அக்ரிலிக் மண்ணில் மக்காது. இதற்கு நல்ல நூல் வெள்ளைதான்.

அத்தான் வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றிருந்தார். பையைத் திறந்து பார்த்தார். மஞ்சள் நூல் சுருள் சுருளாக இருந்தது. பிரித்த நூல் அப்படித்தான் இருக்கும், பழைய கண்ணிகளின் வளைவு போகாது.

"போர்வை எங்க?"

"பிரிச்சுட்டேன் அத்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"எவ்வளவு பெரிசு வேணும்?"

அவர் தன் இடது முழங்கையில் ஒரு விரலை வைத்தார். இன்னொரு விரலை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையின் நடுவில் வைத்தார்.

"இவ்வளவுதான் மச்சான்."

பையில் இருந்ததிலேயே பெரிய ஊசியை எடுத்தேன். ஊசி பெரிதாக இருந்தால் கண்ணி பெரிதாகும், சீக்கிரம் வளரும். இந்தச் சின்ன அளவுக்கு வழக்கமான ஊசியில் ஐம்பது கண்ணி வேண்டும், இதில் முப்பத்தெட்டு போட்டால் போதும். சுருண்ட நூல் ஊசியில் வழுக்கிக்கொண்டே இருந்தது. அத்தான் எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, நீவி நீவி எனக்குக் கொடுத்தார். லிப்ட் கயிறு பிடித்த கை, ஒரே சீராகக் கொடுத்தது. அன்றைக்கு அவர் கயிறு ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு நர்ஸ் வந்து, "தம்பி வந்தாச்சான்னு உள்ள கேக்கறாங்க," என்றார்.

அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஆஸ்பத்திரித் துணியில் சுற்றியது இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவள் என் ஊசியைப் பார்த்தாள். அதில் தொங்கிய பத்து வரிசையைப் பார்த்தாள். பிறகு நூலைப் பார்த்தாள். இரண்டு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், சுருண்ட நூல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"எப்ப பிரிச்ச?"

"நேத்து. அத்தான் போன் பண்ணினதும்."

"அவ்வளவு அவசரமாடா?"

பையிலிருந்து வெள்ளை உருண்டையை எடுத்து நீட்டினேன். இது இன்னும் மெத்தென்று இருக்கும், இதில் போட்டுத் தரட்டுமா என்றேன்.

"நான் கேட்டேனா இப்ப உன்கிட்ட? இவளுக்குன்னு நான் எடுத்தது மஞ்சள். என் கழுத்துல தேச்சு எடுத்தது. வேற எதையும் இவளுக்குன்னு நான் எடுக்கல, அதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டாள். "இங்கயே உக்காந்து போடு. நான் பாக்கணும்."

போட்டேன். அறையில் ஊசி நூலில் உரசும் சத்தம்தான். இடையில் ஒருமுறை, "எத்தனாவது வரிசை?" என்றாள். பதினேழு என்றேன். இன்னொரு முறை, "இவ மூக்கு உன் மூக்குடா. பாவம்," என்றாள். அத்தான் சிரிக்கப் பார்த்தார். அது சிரிப்பாக வரவில்லை. அப்போதுதான் நான் பார்த்தேன். என் மூக்குதான்.

நாலு மணிக்கு நர்ஸ் வந்தபோது இருபத்தைந்து வரிசை ஆகியிருந்தது. அக்கா ஆஸ்பத்திரித் துணியை எடுத்துவிட்டு மஞ்சளில் வைத்துச் சுற்றினாள். ஊசி இன்னும் அதில் மாட்டியிருந்தது. நூல் அவள் மடியிலிருந்து என் கைக்கு வந்துகொண்டிருந்தது. பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன.

"காலு மூடல," என்றாள் நர்ஸிடம். "இன்னும் ரெண்டு வரிசை."

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மடியில் இருந்தபடியே போட்டேன். குனிந்து, அக்காவின் முழங்கால் மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு. ஒரு கண்ணி தவறியது. விட்டுவிட்டேன். மூன்று வரிசை போட்டு நூலை அறுத்து முடிந்தேன். பாதங்கள் உள்ளே போயின.

நர்ஸ் இரண்டு கைகளையும் நீட்டினார். அக்கா கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்காமல் அவரிடம் சொன்னாள்:

"பாத்துத் தூக்குங்க. பெரிய ஊசில போட்டது, ஓட்டை ஓட்டையா இருக்கு. விரல் மாட்டிக்கும்."

"சரிம்மா," என்றார் நர்ஸ். துணியை விலக்கி, அந்தச் சின்னக் கையை நெஞ்சின் மேல் மடக்கி வைத்து, மறுபடி மூடினார்.