எட்டு நிமிடப் பொருத்தம்

நான் ஜோதிலட்சுமி. மந்தைவெளியில் மாடிவீட்டு முன்னறையில் உட்கார்ந்து இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறேன். தொழில் ரகசியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இனி மறைத்துப் பயனில்லை. பொருத்தம் பார்த்தது கம்ப்யூட்டர் இல்லை, நான்தான்.

இரு வீட்டாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் சுவிட்சைப் போடுவேன். அந்தக் கிழட்டுப் பெட்டி கரகரவென்று இரைந்து, கண்ணைத் திறந்து, ஜாதக சாஃப்ட்வேரை எடுத்துக் கொடுக்க எட்டு நிமிடம் ஆகும். எட்டு நிமிடம் சும்மா உட்கார மனிதரால் முடியுமா? நான் மோரைக் கொடுத்துவிட்டு வெயிலைப் பற்றி ஆரம்பிப்பேன். ஐந்தாம் நிமிடத்தில் பிள்ளையின் குடிப்பழக்கம் வெளியே வரும், ஏழாம் நிமிடத்தில் மாமியாரின் சுபாவம் வரும். நுணலும் தன் வாயால் கெடும். பிறகு திரை என்ன காட்டினாலும் சரி, ஆகாத இடமென்றால் "ரஜ்ஜு இடிக்குதுங்க" என்று முடித்துவிடுவேன். யாரும் என்மேல் கோபப்பட்டதில்லை. சொன்னது மிஷின் அல்லவா!

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவள் கயல். கீழ்வீட்டு ஜானகியின் மகள். கிண்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை.

"இன்னா ஆன்ட்டி, இன்னும் ஹார்ட் டிஸ்க்கை வச்சிக்கினு கீறீங்க? டியூஷன் சார் மாத்திட்டாரு, ஜெராக்ஸ் கடையில மாத்திட்டாங்க. இப்ப எந்த வூட்ல பாத்தாலும் எஸ்எஸ்டிதான்."

சொன்னதோடு நிற்கவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கியே வந்துவிட்டாள். சீட்டுக்கட்டைவிடத் தட்டையாக இருந்தது. உள்ளே சுற்றுகிற தட்டே கிடையாதாம், அதனால் சத்தமும் கிடையாதாம், தாமதமும் கிடையாதாம். என் இருபது வருட ஜாதகமும் அதில் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. பிறந்தநாள் பரிசு என்று நீட்டுகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டாள். பன்னிரண்டு விநாடி. என் எட்டு நிமிடம் போயே போயிற்று.

அடுத்த நாள் வந்தவர்கள் விசிறிக்குக் கீழே இடம் தேடுவதற்குள் பொருத்தம் திரையில் வந்து நின்றது. "அதுக்குள்ளவா? சரியாப் பாத்துச்சா?" என்று கேட்டார்களே தவிர, மோர் குடிக்கக்கூட யாரும் நிற்கவில்லை. அப்படி நான் அவசரமாகப் பொருத்தம் சொல்லி அனுப்பிய ஒரு மாப்பிள்ளை, ஏற்கெனவே வேறொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நிச்சயதார்த்த மேடையில் அது தெரியவந்து பெண்வீட்டார் அழுதுகொண்டே இறங்கினார்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறியது இந்தப் பெட்டி, சிதறியது அந்தப் பெண். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் கயலின் ஜாதகமே என்னிடம் வந்தது. அடையாற்றிலிருந்து பஞ்சாட்சரம் என்பவரையும் அவர் மனைவியையும் ஜானகி அழைத்துக்கொண்டு மேலே வந்தாள். அவர்கள் பிள்ளைக்குத்தான் பார்க்கிறார்களாம். ஜானகிக்கு வாயெல்லாம் பல். எனக்கோ கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் பெறாத குறைதான் அந்தப் பெண். இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாமல் பன்னிரண்டு விநாடியில் அவளைத் தள்ளிவிடுவதா?

சுவிட்சைப் போட்டேன். திரை வந்துவிட்டது. மேஜைக்கடியில் கால் கட்டைவிரலால் சுவிட்சை அணைத்தேன்.

"கரண்ட்டு போய்டுச்சுங்க."

பஞ்சாட்சரம் நிமிர்ந்து, சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். திரும்பப் போட்டேன். அந்த மானங்கெட்ட பெட்டி உடனே எழுந்து நின்றது. திரையை மட்டும் அணைத்துவிட்டு, "அப்டேட் ஆகுது, கொஞ்சம் நேரமாகும்" என்றேன்.

அந்நேரம் பார்த்துக் காபித் தட்டோடு வந்தாள் கயல்.

"எஸ்எஸ்டில அவ்ளோ நேரம்லாம் ஆவாது ஆன்ட்டி. நான்தானே போட்டேன்!"

தன் கைவேலைக்கு வக்காலத்து வாங்குகிறாளாம்! கண்ணாலேயே அவளைச் சுட்டேன். அவள் திரையைப் பார்த்தாள், பெட்டியில் எரிந்த விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி.

"ஆங், பழைய ஜாதகத்தையெல்லாம் புது எடத்துல அடுக்கிக்கினு கீது. பத்து நிமிஷம் ஆவும்" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாமாம். எங்களுக்கு மூன்றுக்கே வியர்த்துவிட்டது.

நான் வெயிலில் ஆரம்பித்தேன். மூன்றாம் நிமிடத்தில் அடையாற்று டிராஃபிக். ஐந்தாம் நிமிடத்தில் அந்தம்மாளின் மூட்டுவலி.

"வீட்டைப் பாத்துக்க ஆளில்லாமதாங்க இவ்வளவு கஷ்டம்" என்றார் அந்தம்மாள், காபியை ஆற்றிக்கொண்டே. "நல்லவேளை, பொண்ணு அடுத்த மாசமே வேலைய விட்டுடும்னு ஜானகியம்மா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எங்களுக்கு மனசே வந்துச்சு."

கயல் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜானகி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையைப் போட்டேன். பத்துக்கு ஒன்பது. ரஜ்ஜுவும் பச்சையில்தான் இருந்தது, எல்லாருக்கும் தெரிகிறபடி. இதற்குமேல் யார் தலையில் பழியைப் போடுவது?

"பொருத்தம் இல்லீங்க" என்றேன்.

"ஒம்பது காட்டுதே?" என்றார் பஞ்சாட்சரம்.

"அது காட்டுது. நான் இல்லைங்கறேன்."

இருபது வருடத்தில் முதல்முறையாக என் வாயால், என் பேரில் சொன்னேன். "மிஷினைவிட நீங்க பெரியவங்களோ?" என்று அவர் எழுந்தார். இருவரும் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்கள்.

ஜானகி என்மேல் பாய்ந்தாள். "இருபத்தெட்டு வயசாவுது அவளுக்கு. நாலு வருசமா நாயா அலையறேன். ஒரே நிமிசத்துல கெடுத்துட்டியேக்கா!"

அவள் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. நாலு வருடமாக அவள் ஏறி இறங்கிய படிகளை நான் அறிவேன்.

"வேலைய விடறதப் பத்தி அவளாண்ட ஒரு வார்த்த கேட்டியாடி?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவா. அதான் கேக்கல."

கயல் தட்டை மேஜைமேல் வைத்தாள். அம்மாவுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளும்மா" என்றாள்.