வைதோதாஸின் கோணிய வாய்

வரேனா ஊருக்குத் தெற்கே இருந்த பைன் காட்டுக்காக நியோலேயும் அவள் கொழுந்தன் வைதோதாஸும் கோர்ட்டு ஏறியிருந்தார்கள். அவள் கணவன் ரோமாஸ் இறந்த வாரமே வாசலில் வந்து நின்று, "அண்ணன் பங்கு எனக்குத்தான்" என்று ஊர் கேட்கக் கத்தியவன் அவன். அன்றிலிருந்து அவனை அவள் மனிதனாகவே மதிப்பதில்லை.

ஜூனில் காட்டை அளக்க சர்வேயர் வந்தார். இருவரும் கூடப் போகவேண்டியிருந்தது. நியோலே கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, பூச்சிமருந்து அடித்துக்கொண்டு வந்தாள். வைதோதாஸ் அரைக்கால் சட்டையோடு புதருக்குள் புகுந்தான்.

"என்ன அண்ணி, நிலாவுக்குக் கெளம்பிட்டீங்களா?"

"உண்ணி கடிச்சா தெரியும்."

"நான்தான் ஊசி போட்டிருக்கேனே."

"அது மூளைக்காய்ச்சலுக்கு. அதே உண்ணி கொண்டுவர்ற லைம் நோய்க்கு ஊசி கெடையாது."

"உங்களையே தாங்கிட்டோம், உண்ணி என்ன பண்ணிடும்?"

சர்வேயர் சிரித்துவிட்டார். நியோலே பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருஷம் முன்பு அந்த நோய் அவளுக்கே வந்திருந்தது. அசட்டையாக இருந்துவிட்டதால் முழங்கால் பலாப்பிஞ்சாய் வீங்கி, படியேற முடியாமல் கிடந்தாள். இப்போதெல்லாம் காட்டிலிருந்து வந்ததும் உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பாள். அன்று முழங்கால் மடிப்பில் ஓர் உண்ணி இருந்தது. கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்துப் போட்டாள்.

ஜூலையில் காட்டை ஒட்டிய ஏரிக்கரையில் வைதோதாஸ் குளித்து ஏறியபோது அவன் பின்தொடையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு வளையம். நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் கனிந்திருந்தது. அவளுக்கு வந்ததும் அதே வளையம்தான். அரிக்காது, வலிக்காது, யாராவது சொன்னால்தான் தெரியும். அவள் துண்டை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் கடையில் அவனைப் பார்த்தபோது முகத்தின் இடப்பக்கம் சரிந்து தொங்கியது. கண் மூடவில்லை, பேச்சு குழறியது.

"காலையிலேயே ஏத்திட்டான் பாரு" என்று கடைக்காரி கிசுகிசுத்தாள்.

விசாரணை நெருங்கியிருந்தது. இந்தக் கோலத்தில் நீதிபதி முன் நின்றால் குடிகாரன் என்றே நினைப்பார்கள். நியோலேக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சந்தோஷம் தங்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு காரை அவன் வீட்டுக்குத் திருப்பினாள்.

"மொகம் கோணினது உண்ணிக்கடியால. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள், வாசலில் நின்றபடியே.

"கடிச்ச உண்ணிக்கு அன்னைக்கே வெண்ணெய் தடவி எடுத்துட்டேன்" என்றாள் அவன் மனைவி யாட்விகா.

"வெண்ணெயை ரொட்டியில தடவு. பிடுங்க வேண்டியதை ஊறவச்சிருக்கே."

வைதோதாஸ் எழுந்து வந்தான். "என்னை ஆஸ்பத்திரியில படுக்கவச்சுட்டு, காட்டை எழுதி வாங்கலாம்னு பாக்கறீங்களா? வெளிய போங்க!"

"தொடையில செவப்பு வளையம் இருந்துச்சில்ல? ஏரியில பாத்தேன்."

அவன் கை பின்தொடைக்குப் போனது. "பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

"ஆமா. சும்மாதான் இருந்தேன்."

யாட்விகா அவளை அடிக்கப்போவதுபோல் முன்னால் வந்தாள். வைதோதாஸ் தடுத்தான். ஏமாற்ற வந்தவள் இப்படி ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கார் சாவியை எடு" என்றான் மனைவியிடம்.

லைம் நோய்தான் என்றார் டாக்டர். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டான். இலையுதிர்காலத்தில் வாய் நேரானது. கண் மட்டும் கொஞ்சம் சோர்ந்தே இருந்தது. தள்ளிப்போட்டிருந்த விசாரணையில் தெளிவாகப் பேசினான். காடு இரண்டாகப் பிரிந்தது. முற்றிய மரங்கள் நின்ற ஏரிப்பக்கம் அவனுக்குப் போயிற்று.

கோர்ட்டு வராந்தாவில் அவன் வழிமறித்தான்.

"ஏரியிலயே வாயைத் தொறந்திருந்தா என் கண்ணு இப்படி ஆயிருக்காது, அண்ணி."

"உன் அண்ணன் செத்த வாரம் நீ வாயை மூடியிருந்தா நானும் தொறந்திருப்பேன்."

அவன் முன்படி வழியாக இறங்கினான். நியோலே திரும்பி, பின்படிக்குப் போனாள்.