அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே ஓர் ஆறு

செண்பா வீட்டுக்குள் ஓடும் ஆற்றில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இன்ஜினியருக்குப் படிக்கப்போகிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கோர் ஆறு கொடுத்திருந்தார்கள். நாத்தனார் இசக்கிக்குக் கிடைத்த ஆறு அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவே ஓடியது. பக்கத்து வீட்டுப் பையன் டாக்டருக்கு. அவனுக்கு ஒரு காய்ச்சல் கொடுத்திருந்தார்கள். அது கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் புறவாசலில் உட்கார்ந்திருக்கும்.

விடியும்போது ஆறு அகலமாகிவிட்டது. செண்பா அடுக்களைக் கரையில் மாட்டிக்கொண்டாள். தொட்டில் முன்னறைக் கரையில். பிள்ளை பாலுக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போயிற்று. கட்டில் சட்டத்தையும் சைக்கிள் டியூபையும் வைத்து இசக்கி கட்டிய பாலம் தயார்தான். ஆனால் பாலத்தைச் சோதிக்க வந்த வாத்தியார் முன்னறையில் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். சோதனை விதிப்படி, படிக்கிற பிள்ளைக்குச் சோறு பொங்குகிறவள்தான், வெந்த சோற்றுப் பானையோடு முதலில் நடக்க வேண்டும்; அதுவரை யாரும் கால் வைக்கக் கூடாது.

"என்னம்மா, சோறு வெந்துட்டா?" என்றார் வாத்தியார்.

வேகவில்லை. வெந்துவிட்டதென்று செண்பா தலையை ஆட்டினாள். வெளியாட்களிடம் அவளுக்குப் பொய்கூட வாய்திறந்து வராது.

வடிக்காத பானை நல்ல கனம். நடுப்பாலத்தில் டியூப் இழுபட்டு, தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

"மதினி, கவுத்திராதிய. என் காலேஜ் சீட்டு போயிரும்" என்றாள் இசக்கி.

"ஒனக்குச் சீட்டு, எனக்குப் பிள்ளை" என்று செண்பா பானைக்குள் சொன்னாள்.

கரை ஏறினாள். பானையை இறக்கிவிட்டுப் பிள்ளையை அள்ளி மாரோடு சேர்த்தாள். அழுகை நின்றது.

"பாலம் பாஸ்" என்றார் வாத்தியார். "இனி யார் வந்தாலும் மறிக்கக் கூடாது. மறிச்சா அது பாலமில்ல, பாஸும் இல்ல."

அப்போது எதிர்க்கரையில், அடுக்களை வாசல் வழியாகக் காய்ச்சல் உள்ளே வந்தது. கம்பளியை மடித்து அக்குளில் வைத்திருந்தது.

"அந்தப் பையன் என்னைக் குணமாக்கிட்டான்க்கா. அங்க இனி எனக்கு வேலையில்ல" என்றது. தொட்டிலைப் பார்த்தது. "வரலாமா?"

"தாராளமா வாங்க, நல்லா தாங்கும்" என்றாள் இசக்கி, பெருமையாக.

செண்பா பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையால் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, மறு கையின் விரலை டியூப் முடிச்சுக்குள் விட்டாள். முதல் முடிச்சு இளகியது. காய்ச்சல் பாலத்தில் கால் வைத்தது. அடுத்த முடிச்சு பாதி வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு இழுப்புதான்.

"மதினி, விருந்தாளிக்கு இலை போடுங்க."

செண்பா முடிச்சிலிருந்து விரலை எடுக்காமலே எழுந்தாள். முடிச்சு விரலோடு வந்தது.