நான்கு குவளை நேரம்

வருடங்கள் என் நினைவில் முன்பின்னாகிவிட்டன. கீழே சொல்வதில் சில தேதிகள் தவறாக இருக்கலாம். நான் ஐம்பத்து மூன்று என்று நினைப்பதை என் தங்கை ஐம்பத்து இரண்டு என்கிறாள். ஆனால் ஓட்மார் ஷீடர் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார் என்பதில் வைடன்ராய்ட் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நாற்பத்தொன்பதாம் வருடம் குளிர்காலத்தில் அவருடைய கணுக்கால் வரை உள்ளே போயிருந்தது. அடுத்த வருடம் கெண்டைக்கால். அதற்கடுத்த வருடம் முழங்கால். முழங்காலளவு பனியில் நடப்பவரைப்போலத் தெருக்கல்லைப் பிளந்துகொண்டு நடப்பார். அவர் கடந்ததும் கல் மூடிக்கொள்ளும். ஒரு கீறல்கூட இருக்காது. இதனால் ஊர்த்தலைவருக்குப் புகார் எதுவும் வரவில்லை. படுக்கையில் படுத்தால் மட்டும் எல்லோரையும் போல மேலேயே இருந்தார். மாவட்ட மருத்துவர் வந்து அளந்து பார்த்துவிட்டுத் தட்டைப்பாதம் என்று எழுதிக்கொடுத்தார். பூசையில் மற்றவர்கள் முழங்காலிடும்போது இவர் நின்றாலே போதும் என்று பங்குச்சாமி அனுமதித்தார்.

எங்கள் ஊரில் பீர் காய்ச்சும் உரிமை ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஷீடர் வீடு, அதை ஒட்டிய கிராடல் வீடு, கசாப்புக்காரர் கிர்கல் வீடு, எங்கள் வீடு என நான்கும் ஒரு கூட்டு. முளைகட்டி, கருக வறுத்த பார்லியான மால்ட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொதுக் காய்ச்சுக்கூடத்துக்குப் போவோம். நீரில் ஊறிய மால்ட்டில் ஒரு பங்கை மூன்று முறை எடுத்து விறகடுப்பில் கொதிக்கவைத்து, மூன்று முறை திருப்பி ஊற்றி, கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டு இறக்கி, கூரைக்கடியில் இருக்கும் அகலமான இரும்புத் தட்டில் ஆறவைப்போம். மறுநாள் காலை அந்த இனிப்புச் சாற்றை நான்காகப் பிரித்து அவரவர் நிலவறைக்குக் கொண்டுபோவோம். ஒரே சாறு, ஒரே பானையிலிருந்து எடுத்த ஈஸ்ட். ஆனாலும் நான்கு வீட்டில் நான்கு பீர். எங்கள் வீட்டில் கொஞ்சம் இனிப்பு நிற்கும். கிர்கல் வீட்டில் ஒரு புகைவாசம். கிராடல் வீட்டில் ரொட்டி மேலோட்டின் ருசி. எந்த வீட்டில் பீர் பதமாகிறதோ அந்த வீட்டு வாசலில் கம்பு நீட்டி மர நட்சத்திரத்தைத் தொங்கவிடுவார்கள். அன்று அந்த வீட்டின் கூடம் ஊருக்கெல்லாம் பொது.

ஷீடர் வீட்டு பீர் வருடத்துக்கு வருடம் கறுத்தது. முதலில் செம்பழுப்பாக இருந்தது. பிறகு ஜன்னலுக்கு நேரே பிடித்தால் விளிம்பில் மட்டும் சிவப்புத் தெரிந்தது. ஐம்பத்திரண்டில் அதுவும் போய்விட்டது. வெயிலில் வைத்தாலும் குவளைக்குள் எதுவும் நுழையவில்லை. அதைவிட நல்ல பீரை நான் இதுவரை குடித்ததில்லை. ஆனால் இரண்டாவது குவளை முடிவதற்குள் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து நகரமான டிர்ஷன்ராய்ட்டிலிருந்து பேருந்து பிடித்து ஆட்கள் வந்தார்கள். வந்து, குடித்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். கிர்கல் மட்டும் முதல் குவளையிலேயே பேசவேண்டியதைப் பேசிவிடுவார்.

"டேய் ஓட்மார், உன் பெண்டாட்டி உன்னைவிட ஒசந்துட்டா பாத்தியா? அடுத்த வருஷம் எங்க வீட்டுக் கோழிக்கூட்டைக் கழுவ வந்துடு. குனிய வேண்டியதே இல்ல."

"கோழிக்கு ஆள் அடையாளம் தெரியும் கிர்கல். உன்னைப் பாத்துப் பயந்த மாதிரி என்னைப் பாத்துப் பயப்படாது," என்பார் ஓட்மார். அவருக்கும் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது, அப்போது.

ஓட்மாருக்குத் தெரிந்து எங்களுக்குத் தெரியாமலிருந்தது ஒன்று உண்டு. அடுத்த வீட்டு அஃப்ரா கிராடலின் ஒரே மகன் யோப்ஸ்ட் அவருடைய நிலவறையில், பின்சுவர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று தளக்கற்களுக்கு அடியில் கிடந்தான். போரின் கடைசி ஏப்ரலில் பத்தொன்பது வயது யோப்ஸ்ட் தன் படையைவிட்டு ஓடி, நாற்பது கிலோமீட்டர் காட்டுவழியே நடந்து ஊருக்கு வந்தான். அந்த நாட்களில் ஓடிவந்தவர்களை ஊர் லிண்டன் மரத்தில் தூக்கிலிட்டார்கள். ஒளித்துவைத்தவர்களையும் பக்கத்திலேயே தூக்கிலிட்டார்கள். அம்மா வீட்டைத்தான் முதலில் சோதிப்பார்கள் என்று எண்ணி அவன் ஓட்மார் வீட்டுக் கதவைத் தட்டினான். ஓட்மாரின் மனைவி பூர்கல் அன்று தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஓட்மார் அவனைக் கீழே அழைத்துப்போய், தொட்டிக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படு, நான் வந்து கூப்பிடும்வரை அசையாதே என்றார். கொஞ்ச நேரத்தில் தேடும் படையினர் மூன்று பேர் வந்தார்கள். ஓட்மார் அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துக் குவளைகளை நிரப்பினார். அவர்கள் குடித்துவிட்டுக் கீழே பார்க்காமலேயே போனார்கள். ஓட்மார் இறங்கிப் போனபோது யோப்ஸ்ட் இறந்திருந்தான். இரண்டு வருடமாகக் காய்ச்சாமலிருந்து, ஒளித்துவைத்திருந்த மால்ட்டை அந்த வாரம்தான் நாங்கள் நான்கு வீட்டாரும் காய்ச்சியிருந்தோம். தொட்டியில் சாறு நொதித்துக்கொண்டிருந்தது. நொதிக்கும் தொட்டியிலிருந்து வழிகிற காற்று கனமானது. அது தரையில்தான் தேங்கும், அதில் படுத்தால் மூச்சு அடைத்துவிடும். அதற்காகத்தான் நாங்கள் மெழுகுவர்த்தி இல்லாமல் நிலவறைக்குள் இறங்குவதில்லை. கையைத் தாழ்த்திப் பிடிப்போம். சுடர் அணைந்தால் ஏறிவிடுவோம். எங்கள் ஊரில் எழுத்துக்கு முன் கற்றுக்கொள்வது இதைத்தான்.

நான்கு நாளில் அமெரிக்கர்கள் வந்தார்கள். அதன்பிறகு ஓட்மார் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் மறந்துவிட்டேன், அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்றிருந்தால் அஃப்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். ஊரும் அழுதிருக்கும். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அஃப்ராவின் விரல்கள் வாதத்தில் மடங்கியிருந்தன; பேனா பிடிக்க வராது. ஓட்மாரின் கையெழுத்து அழகானது. காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு அவள் மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்வாள்; அவர் எழுதுவார். உயரம் ஒரு மீட்டர் எழுபத்தெட்டு. பழுப்பு முடி. இடது கட்டைவிரலில் வெட்டுத்தழும்பு. கடைசியாகக் காணப்பட்ட இடம் தெரியவில்லை. இந்தக் கடைசி வரியை எழுதும்போது பேனா நின்று நின்று போகும் என்று பூர்கல் பிறகு என்னிடம் சொன்னாள். மை சரியில்லை என்பாராம். ஓட்மார் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு விரற்கடை இறங்குகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிர்கல் அது பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று சாதித்தார். இப்போது யோசித்தால் எனக்குக் கடிதத்துக்குக் கடிதம் என்று தோன்றுகிறது.

"ருஷ்யாக்காரங்க போர்க்கைதிங்கள்ல இன்னும் கொஞ்சம் பேரை விடப்போறாங்களாம்," என்பாள் அஃப்ரா. "கடிதாசியில அதையும் கேட்டு எழுது."

"எழுதறேன்."

"என்ன, முகத்தைத் தொங்கப்போடற? உன் காலு எங்க போகுதோ போகட்டும், கை மேலதானே இருக்கு? எழுது."

ஐம்பத்து நான்காம் வருடம் ஜனவரியில், மூவரசர் திருநாளன்று ஓட்மார் கூடத்தில் அடுப்புப் பக்கம் நின்றவர் அதன்பிறகு நகரவில்லை. இடுப்புக்கு மேலே போனபின் அவரால் தரையைப் பிளந்து நடக்க முடியவில்லை. தூக்க ஆறு பேர் முயன்றோம். கதவு நிலையைத் தூக்குவது போலிருந்தது. பூர்கல் ஒரு மேசையின் கால்களை அறுத்து அவருக்கு எதிரே போட்டாள். தலைக்கு ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு போர்வை. அந்த உயரத்திலிருந்தே வருகிறவர்களை விசாரித்தார், கடிதமும் எழுதினார். ஈஸ்டர் வந்தபோது அக்குளளவு போயிருந்தது. கூடத்துக்கு நேர் கீழே நிலவறை என்பதால் அவருடைய பூட்ஸ் இரண்டும் நிலவறையின் வளைவுக் கூரையிலிருந்து வெளியே தொங்கின. பூர்கல் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் போகும்போது குனியப் பழகிவிட்டாள். கழுத்தும் வாயும் போவதற்கு இனி எத்தனை கடிதம் என்று அவர் மட்டும் கணக்குப் பார்த்திருக்கவேண்டும். நாங்கள் அவருடைய வாயைப் பற்றி யோசிக்கவில்லை. அதில் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதே.

மே மாதம் எங்கள் கூட்டின் முறை வந்தது. சாறு பிரித்த மூன்றாம் நாள் பூர்கல் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஒரு வீட்டில் ஆள் விழுந்தால் கூட்டாளி வீடு தொட்டியைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது வழக்கம். காலை பத்து மணிக்கு அஃப்ரா மெழுகுவர்த்தியோடு ஷீடர் வீட்டு நிலவறைக்குள் இறங்கினாள். ஒன்பது வருடத்தில் அவள் அதற்குள் போனது அதுதான் முதல் முறை.

அஃப்ரா மறுநாள் எங்களிடம் சொன்னபடி, நடந்தது இது. படியடியில் அவள் சுடரைத் தாழ்த்தினாள். முழங்காலுக்குக் கீழே அணைந்தது. சரியான நொதிப்பு. படியேறி மறுபடி பற்றவைத்துக்கொண்டு, உயர்த்திப் பிடித்தபடி தொட்டிப் பக்கம் போனாள். நுரை ஒரு சாண் நின்றது. கூரையிலிருந்து தொங்கிய பூட்ஸ் முனைகள் இரண்டும் பின்சுவரைப் பார்த்திருந்தன. அங்கே அவள் பழக்கத்தில் கையைத் தாழ்த்தினாள். சுடர் அணையவில்லை. கணுக்கால்வரை தாழ்த்தினாள். தளக்கல்லில் வைத்தாள். நேராக நின்று எரிந்தது. மெழுகுவர்த்தியைக் கல்லோடு இழுத்தாள். எரிந்தது, எரிந்தது, எரிந்தது, பிறகு அணைந்தது. மேலே போய்ப் பற்றவைத்துக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். அங்கேயும் ஓரிடத்தில் அணைந்தது. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கரித்துண்டை வைத்துவிட்டு, இடையில் உள்ள தூரத்தைக் கையால் சாணளந்தாள். மடங்கிய விரல்களால் சாணளப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்காது.

அவள் ஏறி வந்தபோது கூடத்தில் ஓட்மாரைத் தவிர யாருமில்லை. அடுக்களையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பூர்கல் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

"ஒரு மீட்டர் எழுபத்தெட்டு," என்றாள் அஃப்ரா.

சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பூர்கல் அது கால் மணிக்கு அடித்ததையும் கேட்டாள்.

"படுக்கச் சொன்னது நீதானே?"

"நான்தான்."

"தொட்டி எத்தனாம் நாளு?"

"மூணாம் நாளு."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்." பிறகு, "ஞாபகம் வந்துச்சு அஃப்ரா."

"எப்போ?"

"மேல அவனுங்களுக்கு ரெண்டாவது சுத்து ஊத்துறப்போ."

"எத்தனை சுத்து குடிச்சானுங்க?"

"ஆறு."

அஃப்ரா முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"அப்போ நாலு."

"நான் எழுந்து கீழ போயிருந்தா பின்னாலயே வந்திருப்பானுங்க. ரெண்டு பேரையும் அந்த லிண்டன் மரத்துல..."

"அதை நான் கேக்கல," என்றாள் அஃப்ரா. மெழுகுவர்த்தியை அவருடைய குட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கிர்கலும் நானும் கற்களைப் பெயர்த்தோம். யோப்ஸ்டை அவன் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தோம். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தரையில் மண்டியிட்டு ஓட்மாரின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார். அதன்பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. ஓட்மார் அதற்குமேல் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. அந்த முறை பீர் செம்பழுப்பாகவே வந்தது, மற்ற மூன்று வீடுகளைப்போல. குடித்தவர்கள் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள்.

ஆகஸ்டில் ஷீடர் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கிய முதல் நாள் அஃப்ரா வந்தாள். அடுப்புப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய காலணிக்கு நேரே ஓட்மாரின் முகம். "நாலு," என்றாள் பூர்கலிடம். பூர்கல் நான்கையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைத்தாள். அஃப்ரா ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஓட்மாரைப் பார்த்தபடி குடித்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிக் குவளையைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவள் எழுந்து போனாள். அந்த வீட்டில் நட்சத்திரம் தொங்கிய ஒவ்வொரு முறையும், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை, பன்னிரண்டு வருடம், இது நடந்தது. ஓட்மார் ஒரு தடவையும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் குறுக்கே யாரும் வந்திருக்கமாட்டோம். அந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. அறுபத்தாறாம் வருட இலையுதிர்காலத்தில் அவள் மூன்று குவளை குடித்தாள். நான்காவதை எடுத்துச் சிறிதுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு குனிந்து, அதை நிரம்பியபடியே ஓட்மாரின் குட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். களைப்பா, வேறு ஏதாவதா என்று யாரும் கேட்கவில்லை. ஓட்மார் அதைத் தொடவில்லை. நுரை அடங்கி, பீர் செத்துப்போகும்வரை பூர்கலும் அதை எடுக்கவில்லை.

அஃப்ரா அந்த டிசம்பரில் இறந்தாள். கிராடல் வீட்டு உரிமை அவளுடைய அண்ணன் மகளுக்குப் போனது. அவள் நன்றாகக் காய்ச்சுகிறாள். கிர்கலுக்கு ஒரு காது கேட்காமல் போனது, பேச்சு குறையவில்லை. ஓட்மார் எழுபத்தொன்றில் நின்றபடியே இறந்தார். பங்குச்சாமி மேல்பாதிக்குக் கூடத்திலும் கீழ்பாதிக்கு நிலவறையிலும் ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்ததும் ஓட்மார் மிச்சமிருந்ததையும் இறங்கினார். கூடத்துத் தரை மூடிக்கொண்டது, கீழே அந்த மூன்று தளக்கற்களும் திறந்து மூடிக்கொண்டன. தரையைப் பெயர்க்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தோம். அவருக்கு வேலை இருக்கவில்லை. பூர்கல் எண்பத்தெட்டு வயதில் தன் தங்கை மகள் வீட்டில் இருக்கிறாள். ஷீடர் வீட்டில் இப்போது நான்தான் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். பின்சுவர்ப் பக்கம் போகும்போது எல்லா இடத்திலும் செய்வதுபோலக் கையைத் தாழ்த்துகிறேன். அங்கேயும் சுடர் முழங்காலுக்குக் கீழே அணைகிறது. அணைந்ததும் மேலே ஏறிவிடுகிறேன்.