நான் உருகவிடாத பனிச்சுவர்

ஐஸ் பிளாண்டில் வேலை பார்ப்பவனுக்குக் காலடியில் தண்ணீர் நிற்பதைவிடக் கேவலம் வேறு கிடையாது. கொச்சித் தோப்பும்படியில் எங்கள் ஃபோர்மேன் காலையில் வந்தால் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், தரையைத்தான் பார்ப்பார். தரை நனைந்திருந்தால் எவனோ சாக்கை ஒழுங்காக மூடவில்லை, எவனோ கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போயிருக்கிறான் என்று அர்த்தம். இந்தக் கதை நடந்தபோதே அந்தத் தரையில் பத்தொன்பது வருஷம் நின்றிருந்தவன் நான். பிச்சைமணி ஏற்றிவிட்ட கட்டி என்றால் படகுக்குப் போய்ச் சேரும்வரை விளிம்பு மழுங்காது என்று மீன்காரர்களே சொல்வார்கள். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகண்டனின் குடியைக் கெடுத்தது இதுதான்.

நீலகண்டனும் நானும் மட்டாஞ்சேரியில் ஒரே லைன் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் அப்பாமார் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கொச்சியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர்கள். எண்பத்தொன்பதில் நாங்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினோம். அவன் பாஸ், நான் பெயில். தொண்ணூறுகள் முழுக்க அவன் படித்தான், நான் சுமந்தேன். அவன் விஞ்ஞானியாகி, இரண்டாயிரத்து நாலில் அண்டார்டிகாவுக்கே போய்விட்டு வந்தான். வந்த கையோடு போட்டோக்களை எடுத்துக்கொண்டு பிளாண்டுக்கு என்னைப் பார்க்க வந்தான்.

“வெறும் ஐஸைப் பாக்கவாடா அம்புட்டு தூரம் போன? இங்க வந்திருந்தா காட்டியிருப்பேன், சாயாவும் வாங்கிக் குடுத்திருப்பேன்” என்றேன் எல்லார் முன்னாலும். பிளாண்டே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்குப் பொறாமை, வேறொன்றுமில்லை. அந்தப் போட்டோக்களை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

2008 பிப்ரவரியில் மறுபடி வந்தான். பஜார் ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு மிளகு கோடவுனில் மூன்று நாள் கண்காட்சி வைக்கப் போகிறானாம்.

“அங்க பனி கொறையுது, இங்க கடல் ஏறுதுன்னு நான் எழுதுனா என்னைய மாதிரி நாலு பேருதான் படிப்பான் மணி. கண்ணுக்கும் காதுக்கும் தெரியணும். எனக்குத் தெரிஞ்ச மஞ்சுஷா டீச்சர் இருக்காங்க, படம் வரைவாங்க, ஜலதரங்கம் வாசிப்பாங்க. நீ ஐஸ் கொண்டாந்து சுவரு மாதிரி அடுக்கித் தரணும். வேற ஆள்ட்ட சொல்ல எனக்கு மனசில்ல.”

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எர்ணாகுளத்திலிருந்து கல்வி இலாகா குழு ஒன்று வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மாவட்டத்தில் நாற்பது பள்ளிக்கூடங்களுக்கு இதைக் கொண்டுபோகலாம் என்றான். அதற்காக மூன்று வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறான். சொல்லும்போது சின்னப் பையன் மாதிரி அவன் முகம் மலர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இருபத்துநாலு கட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கொடுத்தேன். சுவரின் அடியில், செங்கல் மேல் உயர்த்திய தகரத் தட்டு. தட்டிலிருந்து ஏழு நூல்திரிகள் தொங்கின. அவற்றுக்கு நேர் கீழே ஏழு பீங்கான் கிண்ணங்கள். பக்கத்தில் டீச்சர் உட்கார ஒரு பாய். எல்லாம் முடிந்து திறப்பு விழா ஆரம்பிக்கும்போது நீலகண்டன் வாசலுக்கு வந்து, “உள்ள வாடா மணி, ஒனக்குத்தான் மொதல்ல வெளக்கணும்” என்றான்.

என் கைலி தொடைவரை நனைந்திருந்தது. மீன் வாடை வேறு. உள்ளே எல்லாரும் கஞ்சி போட்ட சட்டையோடு நின்றார்கள். “டெம்போவப் பாத்துக்கணும்டா” என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டேன். டெம்போவை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? வெட்கம்தான்.

அன்று உள்ளே போய்க் கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பனிச்சுவர் மூன்று நாளில் உருகிச் சரிய வேண்டும். உருகிய நீர் நூல் வழியாகச் சொட்டிக் கிண்ணங்களில் ஏற வேண்டும். டீச்சர் தினமும் ஐந்து மணிக்கு அதே கிண்ணங்களில் அதே பாட்டை வாசிப்பார். தண்ணீர் ஏற ஏற ஜலதரங்கத்தின் ஒலி தாழும். ஞாயிறன்று பாட்டு அடையாளம் தெரியாமல் மூழ்கிப்போக வேண்டும். அதே நேரம் சுவர் விழுந்து, அதன் பின்னால், நான் அடுக்கி முடித்த பிறகு தொங்கவிட்ட படம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நான் தெருவில் மிளகு நெடியில் தும்மிக்கொண்டு, பாட்டை மட்டும் கேட்டேன். சங்கீதம் தெரியாத எனக்கே அது சுத்தமாகப் பட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், கட்டிகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்கப் போனேன். சுவர் மார்பளவுக்கு வந்து கோணிக்கொண்டு நின்றது. தரையெல்லாம் தண்ணீர். சுவருக்கு மேலே நீலத்துணி ஒரு முழம் தெரிந்தது, பாவாடை வெளியே தெரிகிற மாதிரி. டீச்சர் வாசித்த பாட்டோ முந்தின நாள் பாட்டாகவே இல்லை, தொண்டை கட்டியவன் பாடுவதுபோல இறங்கி இறங்கிப் போனது. வெளியே வந்த இரண்டு இளவட்டங்கள், “டீச்சர்க்கு சுருதி போயல்லோ” என்று சிரித்துக்கொண்டு போனார்கள். என் காது சூடேறிவிட்டது. என் ஐஸ் அல்லவா என் சிநேகிதனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டது என்று நினைத்தேன். அவன் முகத்தில் விழிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னேன். “ஒங்கள என்ன செய்யச் சொன்னாக? அடுக்கிக் குடுக்கச் சொன்னாக, குடுத்தாச்சு. அவுகளுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியப்போவுது? பேசாமக் கெடங்க” என்றாள்.

“நாளைக்குப் பெரிய ஆளுக வாராக. கிழிஞ்ச சேலையோடயா பொண்ணக் காட்டுவாக?” என்றேன்.

எனக்குப் புத்தி சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி வயசு போயிற்று. அன்றும் நான் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் ஃபோர்மேனிடம் கெஞ்சிப் பன்னிரண்டு கட்டி வாங்கி டெம்போவில் ஏற்றினேன். நீலகண்டனும் டீச்சரும் எர்ணாகுளம் போய்க் குழுவைக் கூட்டிக்கொண்டு மாலையில்தான் வருவார்கள். அதுவரை கோடவுன் பூட்டித்தான் கிடக்கும். வாட்ச்மேன் தங்கப்பன் சேட்டனுக்கு என்னைத் தெரியும், திறந்துவிட்டார். பழைய கட்டிகளை அசைக்கவில்லை. கோணிய இடத்தில் முன்னால் முட்டுக் கொடுத்து, குறைந்த இடத்தில் புதியதை ஏற்றி, நீலத்துணி மறையும்வரை பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கிண்ணங்களின் உள்பக்கம் பென்சிலால் மெல்லிய கோடு இருந்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர் நின்ற அளவு அது என்று புரிந்துகொள்ளும் அறிவு மட்டும் எனக்கு இருந்தது. ஏழையும் அந்தக் கோடுவரை குறைத்து வைத்தேன். இனிமேல் சொட்டக்கூடாது என்று நூல்களைச் சுருட்டித் தட்டுக்கு மேல் போட்டேன். தரையைத் துடைத்தேன். சுவருக்கு உமியும் சாக்கும் போர்த்தினேன். மாலை நாலே முக்காலுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சாக்கை உருவி, உமியைத் தட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்றைக்கு உள்ளே கூப்பிடுவான், போகலாம் என்று காத்திருந்தேன்.

குழுவில் ஐந்து பேர். நீலகண்டன் பேசிக்கொண்டே அவர்களை அழைத்து வந்தான். “இந்த மூன்று நாளில் என்ன நடந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள்” என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே திரும்பியவன், அப்படியே நின்றுவிட்டான். டீச்சர் பாயில் உட்கார்ந்து கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். ஐந்து பேரும் காத்திருந்ததால் வேறு வழியில்லாமல் குச்சியை எடுத்தார். பாட்டு சுத்தமாக வந்தது. ஒரு பிசிறு இல்லை.

குழுத் தலைவர் கை தட்டினார். “பாட்டு நன்னாயி. பக்ஷே ஐஸ் உருகியிட்டில்லல்லோ சாரே” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நீலகண்டன் சுவருக்குப் பக்கத்தில் போய் ஒரு கட்டியின் விளிம்பைத் தடவினான். பிளாண்டுக்கு வந்து போகிறவனுக்குப் புது ஐஸ் தெரியும். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். சுருட்டிக் கிடந்த நூல்களைப் பார்த்தான். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. நான்தான் மாற்றினேன் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாகக் காய்ந்திருந்தது.

“என்டே தெற்றாணு” என்றான் நீலகண்டன். தப்பு தன்னுடையதுதான், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தானே இன்றைக்குப் புது ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். உருகினால் எப்படியிருக்கும் என்று வாயால் விளக்கப் பார்த்தான். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட இதில் என்ன இருக்கிறது என்று தலைவர் கேட்டார். சாயா குடித்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்துவிட்டார்கள்.

கோடவுனில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

“ஏறக்கி வைப்போம், பிடி” என்றான்.

ஒவ்வொரு கட்டியாக இறக்கினோம். என் வெள்ளை வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. மேலே படத்தின் நீலம் தெரிந்தது, அது வானம். அதன் கீழே ஓட்டுக்கூரைகள் வந்தன. அடுத்த வரிசையை இறக்கியதும் பஜார் ரோட்டுக் கடைகளின் பலகைகள் வந்தன, ஜன்னல்வரை தண்ணீரோடு. கடைசி வரிசையை எடுத்தபோது நடுவில் ஒரு ஆள் நின்றான். கைலியை மடித்துக் கட்டி, மார்பளவு தண்ணீரில், தோளில் சாக்கைப் போட்டு அதன்மேல் ஐஸ் கட்டி சுமந்துகொண்டு நேராக எங்களைப் பார்த்தான். இடது புருவத்தில் வெட்டுத்தழும்பு. சின்ன வயசில் கிரிக்கெட் விளையாடும்போது நீலகண்டன் எறிந்த பந்தால் எனக்கு வந்த தழும்பு.

“உங்கள் போட்டோவைக் கொடுத்து, நடுவில் நீங்கள்தான் நிற்கணும்னு சொன்னதே சார்தான்” என்றார் டீச்சர். “உங்களிடம் சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை அவனே பார்க்கட்டும் என்றார்.”

நான் ஓடினேன். அந்த நனைந்த வேட்டியோடு, பஜார் ரோடு முழுக்கப் பார்க்க, படகுத்துறைக்கு ஓடினேன். படகு இன்னும் வரவில்லை. ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சிரைக்கத் தலைவர் முன்னால் போய் நின்றேன்.

“சாரே, ஐஸ் மாத்துனது நானாக்கும். அவனுக்கு ஒண்ணும் அறியாது. மூணு நாள்ல அது தானா விழணும். படம் பின்னால இருக்கு. ஒரு பிராவஸ்யம், ஒரே தடவ வந்து பாருங்க.”

“எந்தினா மாற்றியது?” என்று காரணம் கேட்டார்.

“ஐஸ் உருகுனா எங்களுக்கு மானக்கேடு சாரே” என்றேன்.

அவர் என் வேட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எழுந்து வரப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

“அப்போ சார் ஞங்ஙளோடு கள்ளம் பறஞ்ஞது, அல்லே?” என்றார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்து.

எனக்காகச் சொன்ன பொய்யை நானே போய்க் காட்டிக்கொடுத்துவிட்டேன். பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடினேன், மூட வேண்டிய நேரத்தில் திறந்தேன். படகு வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள். திரும்பினால் நீலகண்டன் சாக்குக் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். என் பக்கத்தில் வந்து, “ஓடி வந்தேல்ல, அது போதும்” என்றான். அது போதாது என்பது அவனுக்கும் தெரியும்.

நாற்பது பள்ளிக்கூடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் இன்றும் பிளாண்டுக்கு வருகிறான், சாயா குடிக்கிறான், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அந்தப் படத்தை எனக்கே கொடுத்துவிட்டான். அதை விரிக்கிற அளவுக்கு என் வீட்டில் சுவர் இல்லை. சுருட்டி, பாலித்தீன் உறையில் கட்டி வைத்திருக்கிறேன். கடல் ஏறுகிற நாட்களில் எங்கள் லைனுக்குள் தண்ணீர் வரும். இப்போதெல்லாம் படி தாண்டி உள்ளேயும் வருகிறது. ஆவுடையம்மாள் அரிசிப் பானையைத் தூக்குவாள், நான் அந்தச் சுருளைத்தான் முதலில் பரண்மேல் ஏற்றுவேன்.

“யாரு பாக்கப் போறாகன்னு அத இப்பிடிப் பொத்திப் பொத்தி வைக்கீக?” என்று போன தடவை கேட்டாள்.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உறையின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.