ஆற்றுக்குத் தெற்கே

“ஆறு என்பது இறைவன் தன் கையால் பூமியிலே கீறிய எல்லைக் கோடு. அதை அழிக்கவோ அசைக்கவோ மனிதனால் ஆகாது!”

மீனவர் சமாசத் தலைவர் செல்வநாயகம் இப்படி முழங்கியபோது மைக்கே ஒருதரம் சிணுங்கியது. அந்தக் கோடு ஏற்கெனவே அரை மைல் வடக்கே போய்விட்டதுதான் அன்றைய கூட்டத்துக்குக் காரணம் என்பதை ஒருவரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. தலைவர் பேசும்போது இடையில் கதைத்தால் முதலிலிருந்து தொடங்குவார்.

தொண்ணூறில் முஸ்லிம் சனம் விரட்டப்பட்டு முசலிக் கரையை விட்டுப் போனபோது ஆறு ஓரிடத்தில் கடலோடு சேர்ந்தது. சண்டை முடிந்து இரண்டு கரைச் சனமும் திரும்பி வந்தபோது வேறோரிடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. சோழகக் காற்று வருஷா வருஷம் தெற்கிலிருந்து மண்ணைத் தள்ளிவந்து ஆற்றுவாயில் போட்டிருக்கிறது. அந்த மண்ணை வெளியே தள்ள ஆற்றுக்கு வலு வேண்டும். வலுவை மேலேயிருந்த குளங்கள் மறித்து வைத்திருந்தன. ஆகவே ஆறு சண்டைக்குப் போகாமல், மண் தள்ளிய பக்கமே ஒதுங்கி ஒதுங்கி, வடக்கே ஓரிடத்தில் வாய் திறந்துகொண்டது. பழைய வாய்க்கும் புதிய வாய்க்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. கரையில் நின்றபடியே இழுக்கும் கரைவலைக்கு அதைப்போல இடம் அந்தப் பக்கத்தில் வேறில்லை.

ஓரிடத்தில் கரைவலை இழுக்கும் உரிமையைப் பாடு என்பார்கள். தகப்பன்மார் காலத்துப் பேச்சு இதுதான்: ஆற்றுக்குத் தெற்கே தென்கரை முஸ்லிம்களின் பாடு, வடக்கே வடகரைக் கத்தோலிக்கரின் பாடு. ஆறு நடக்கும் என்று தகப்பன்மார் யோசிக்கவில்லை.

“திட்டு ஆத்துக்குத் தெற்கே கிடக்கு. அப்ப எங்கட பாடு,” என்றான் தென்கரை மர்சூக்.

“இருபது வருஷம் நீ புத்தளத்தில இருந்தாய். ஆறு உனக்காகத் தள்ளிப் படுத்ததோ மச்சான்?” என்றான் வடகரைச் செபமாலை. “எங்கட கரையில வந்து விழுந்த மண் அது.”

மர்சூக்குக்கு இது வெறும் மண் இல்லை. மனைவி றிப்கா இன்னும் புத்தளத்து அகதி முகாமில்தான் இருந்தாள். போனில் ஒரே பேச்சுத்தான்: “பாடு கிடைச்சாச் சொல்லுங்க, வாறன். ஒண்டுமில்லாம வந்து இன்னொரு தகரக் கொட்டிலுக்க இருக்க என்னால ஏலாது.” அதில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். “இன்றைக்கு எது ஆறோ, அதுவே எல்லை.”

மர்சூக் அன்றைக்கே திட்டில் மீன்பிடிக் கொட்டிலான வாடி போடக் கம்பு நட்டான்.

பிறகு மாரி வந்தது. ஒவ்வொரு மாரியிலும் ஆற்றுவாய் மண்ணால் அடைபடுவதும், வெள்ளம் பின்னேறி வயலுக்குள் போகுமுன் கரைச்சனம் மண்வெட்டியோடு போய் வாயை வெட்டி விடுவதும் பழைய வழக்கம். எங்கே வெட்டுவது என்று ஒருகாலமும் ஒருவரும் கேட்டதில்லை. இந்த முறை செபமாலை கேட்டான்.

“கடவுள் கீறின கோட்டை நாங்கள் கொஞ்சம் திருத்திக் கீறினால் என்ன?” என்று தன் ஆட்களைப் பழைய வாய் இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே ஆறு உடைத்தால் திட்டு முழுக்க ஆற்றுக்கு வடக்கே வந்துவிடும். செய்தி அறிந்த மர்சூக்கின் ஆட்கள் புதிய வாயை அகட்டி வெட்ட ஓடினார்கள்.

வெட்டைத் தொடக்கி வைக்கத் தலைவர் சுபநேரம் பார்த்து வந்தார். ஒரு வெட்டில் நின்று பேசினார். மற்றவர்கள் மனவருத்தப்படக்கூடாதென்று அடுத்த வெட்டுக்கும் நடந்துபோய் அதையே பேசினார். கடல் வற்றும்போது உடைத்தால்தான் ஆற்றுத் தண்ணீர் இழுபட்டு மண்ணையும் கொண்டுபோகும். பேச்சு முடிந்தபோது கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

இரண்டு வாயும் திறந்தன.

“இப்ப எது ஐயா ஆறு?” என்று கேட்டான் மர்சூக்.

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். திட்டு இப்போது ஆற்றுக்குத் தெற்கேயும் கிடந்தது, வடக்கேயும் கிடந்தது. “இதைப்பற்றி மேலிடத்தோடு கதைக்க வேண்டும்” என்று குடையை விரித்தார்.

மேலிடம் பதில் சொல்லுமுன் கடல் சொல்லிவிட்டது. இரண்டாகப் பிரிந்த தண்ணீருக்கு எந்த வாயிலும் மண்ணைத் தள்ளப் பலமில்லை. ஏறிவந்த கடல் போட்டுவிட்டுப் போன மண்ணில் முதலில் பழைய வாய் மூடியது, அடுத்து புதியதும் மூடியது. ஆற்றுக்கு வாயே இல்லை. வெள்ளம் பின்னாலே ஏறி, வயல்களுக்குள் புகுந்து, சமாசக் கட்டிடத்துக் கதிரைகளை மிதக்க விட்டது.

ஆற்றங்கரை வயலில் குத்தகைக்கு நெல் விதைத்திருந்த சிவலட்சுமி இடுப்பளவு சேற்றோடு வந்து சேர்ந்தாள்.

“ஊருக்கு ஒரு வாய் காணாதோ? ரெண்டு கேட்குதோ உங்களுக்கு? கதிர் தள்ளப்போற குடலைப்பயிர் அழுகுது. நான் ஆரின்ர வீட்டை போய்ச் சோறு கேக்கிறது? உன்ர வீட்டையோ, இவற்ற வீட்டையோ?”

செபமாலை தலையைச் சொறிந்தான். “அக்கா, அவன்தான் முதல்...”

“வாயை மூடு. மூட வேண்டிய வாய் அதுதான்.”

மர்சூக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துச் செபமாலையும் சிரித்தான். சிவலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது. அதைக் கண்டு இருவரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள்.

திட்டின் நடுவிலே ஒரே வாயாக வெட்டுவது, வடபாதி செபமாலைக்கு, தென்பாதி மர்சூக்குக்கு என்று நடந்துகொண்டே பேசி முடித்தார்கள். கடல் வற்றும்வரை காத்திருந்து கடைசி வரம்பை உடைத்தார்கள். கால்வாய் அளவில் தொடங்கிய தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கவே இரு கரையையும் இடித்து, லொறி போகுமளவு அகன்று, மண்ணைக் கலக்கிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. சமாதான உரையோடு வந்த தலைவரின் வாய் அசைந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

வயல் முக்கால்வாசி தப்பியது. மர்சூக் போன் எடுத்தான். அடுத்த கிழமை றிப்கா சட்டி பானையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, வாடியைச் சுற்றிப் பார்த்து, மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“நல்ல இடம்தான். எப்ப இழுக்கப் போறீங்க?”

“நாளைக்கே,” என்ற மர்சூக், செபமாலை கரையேறி வருவதைக் கண்டு எழுந்து போனான். “நல்ல நேரம் வந்தாய் மச்சான். உன்ர வலையை ஒருக்காத் தா, முதல் மீன் உனக்குத்தான்.”

செபமாலை அப்படியே நின்றான். “என்ர வலையோ? அது முள்ளிவாய்க்காலுக்குப் போற வழியிலயே போயிட்டுது. நீ புத்தளத்திலயிருந்து கொண்டு வந்திருப்பாய், இரவல் கேப்பம் எண்டு நான் வாறன்.”

இரண்டு கரையிலும் ஒருவரிடமும் கரைவலை இருக்கவில்லை.